ஒன்றாம் நம்பர் பெட்டி

ஆடி பிறந்துவிட்டால் உடுமலையில்
காற்றிடம் வாடகை கேட்க ஆளில்லை.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து
காற்றாலைகளைக் கன்னத்தில் அறைந்துவிட்டு
நேராக என் குடோனுக்குத்தான் வருகிறது,
தகரத்தைத் தட்டி
உள்ளே என்ன என்று கேட்க.

பப்பாளி.
நாலரை டன், கொச்சி லோடு.
ஒவ்வொன்றும் பழைய செய்தித்தாள் உடுத்தியிருக்கிறது:
ஒன்றின் மேல் கண்ணீர் அஞ்சலி,
ஒன்றின் மேல் நகை ஏல அறிவிப்பு,
ஒன்றின் மேல் பாதி ராசிபலன்.
கன்னிக்கு அலைச்சல்.
அதற்கப்புறம் கிழிந்துபோயிருக்கிறது.

காம்படியில்தான் தொடங்கும்.
முதலில் தண்ணீர் பட்டது போல் ஒரு மினுக்கம்.
மறுநாள் காசளவு குழி.
அதற்கு மறுநாள் குழியின் நடுவே
இளஞ்சிவப்பாக ஒரு மாவு,
யாரோ விரலால் தொட்டு வைத்த மாதிரி.
அழகாகத்தான் இருக்கும், வெளியே சொல்லக் கூடாது.
நான்காம் நாள் கொச்சியிலிருந்து போன்.

மறையூரிலிருந்து புல்தைலம் வாங்கி வந்தேன்,
இருமல் மருந்து பாட்டிலில் கால் லிட்டர்.
"வாசம்தாங்க மருந்தே,
வாசம் நிக்கிற வரைக்கும் பூசணம் நிக்காது"
என்றான் விற்றவன்.
யாரிடம் சொல்கிறான்.
அந்தக் காய்ச்சல் வருஷம் போன என் மூக்கு
இன்னும் வீடு திரும்பவில்லை.
குழம்பு அடிப்பிடித்தால்
புகையைப் பார்த்துத்தான் ஓடுகிறேன்.

ஆகவே எண்ணினேன்.
ஒரே தோட்டம், ஒரே காலை வெட்டு,
பெட்டிக்குப் பதினாறு பழம்.
மூலையில் பஞ்சு, பஞ்சில் சொட்டு,
மேலே பிளாஸ்டிக் தாள், ஓரத்துக்குச் செங்கல்.
ஐந்தாம் பெட்டிக்கு நாற்பது சொட்டு,
நான்குக்கு இருபது, மூன்றுக்குப் பத்து,
இரண்டுக்கு ஐந்து.
ஒன்றுக்கு ஒன்றுமில்லை.

ஐந்தில் தோல் வெந்துவிட்டது.
பழுப்புத் தழும்பு, கொதிநீர் தெறித்தது போல.
நான்கில் ஒரு புள்ளி இல்லை,
லோடோடு அனுப்பினேன்.
"பழம் நல்ல பழம்" என்றார் பௌலோஸ்,
"தின்னா சோப்பு."
மூன்றைப் பற்றிப் பேச வேண்டாம்:
இரண்டாம் இரவே காற்று தாளை உருவி
பத்துச் சொட்டையும் தாராபுரம் ரோட்டுக்குக் கொடுத்துவிட்டது.
அந்தப் பக்கம் எந்த வேலியில்
எந்தக் கோவைப்பழம் அன்று அழுகாமல் இருந்ததோ.

பூவாத்தாளின் மூக்கைக் கடன் வாங்கினேன்.
கண்ணை மூடி, அறுத்த துண்டை முகர்ந்தாள்.
"இது பழமுங்க்கா.
இது பழமும் தைலமும்.
இது எங்க மாமனாரு முழங்காலு."
எழுதிக்கொண்டேன், அப்படியே.

ஒன்றாம் பெட்டியை
யாராலும் கடந்து போக முடியவில்லை.
"ஏனுங்க்கா, அதுக்கும் நாலு சொட்டு உட்டாத்தான் என்ன?"
கவின்ராசு கேட்டுவிட்டான்.
விட்டால்
மற்ற பெட்டிகள் சொல்வது எதையும் நம்ப முடியாது தம்பி.
சொல்ல எளிதாக இருந்தது.
தினமும் காலையில் தாளைப் பிரித்து
எண்ணி, துடைக்காமல், திரும்பச் சுற்றினேன்.
பூஜ்யம். இரண்டு. ஏழு. பதினாறு.
ஒரு பழமாவது தப்பித்துவிடாதா என்று
தேடிய கண்ணையும்
நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள்
சாறு கசிந்து அஞ்சலிப் படத்தின் முகம் கரைந்திருந்தது.
மீசை மட்டும் மிச்சம்.
குனிந்து முகர்ந்தேன், பழக்கத்தில்.
ஒன்றுமில்லை.
ஏதோ சொல்லத் தோன்றியது,
கவின்ராசு பார்த்துக்கொண்டு நின்றான்.
எருக்குழிக்குத் தூக்கும்போது
ஒரு பக்கத்தை நான் பிடித்தேன்.

நாளை வெட்டில் மறுபடி ஐந்து பெட்டி.
பத்துக்கும் இருபதுக்கும் நடுவே
எங்கோ இருக்கிறது அந்தச் சொட்டு.
தாளுக்கு இந்த முறை இரட்டைச் செங்கல்.

எதை ஒன்று என்று எழுதுவது?
பழங்களைப் பார்த்தால் கை நல்லதைக் காப்பாற்றிவிடும்.
சாக்பீஸை எடுத்துக்கொண்டு
கண்ணை மூடி நடக்கிறேன்,
தகரம் தடதடக்கிறது,
முதலில் கையில் இடிக்கும் விளிம்பு எதுவோ
அது.